தண்ணீரால் குளிரும் கணினிக்குக் கேபினெட் வடிவமைப்பது எப்படி?

வாட்டர் கூலிங் கணினி செய்யப்போகிறோம் என்று முடிவெடுத்த மாணவர்கள் பெரும்பாலும் முதலில் வரைவது கேபினெட்டின் வெளித்தோற்றத்தை. கண்ணாடிப் பக்கம், உள்ளே வளைந்து ஓடும் பைப், அதில் நீலமாகவோ சிவப்பாகவோ தண்ணீர், எல்லாவற்றுக்கும் மேல் விளக்கு. திரையில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வடிவத்துக்குள், தண்ணீரின் சூட்டைக் காற்றில் விடும் ரேடியேட்டரை வைக்கப் போகும்போது இடம் போதாது, பைப்பை இணைக்கும் ஃபிட்டிங்கைத் திருக விரல் நுழையாது, தண்ணீரை வடிக்க வழி இருக்காது. கேபினெட்டின் வடிவம் கடைசியில் வரவேண்டிய முடிவு. முதலில் தெரியவேண்டியது ஒரே ஓர் எண்: எத்தனை வாட் வெப்பத்தை வெளியேற்றப் போகிறோம்? அந்த எண் ரேடியேட்டரைத் தீர்மானிக்கும், ரேடியேட்டர் காற்றின் வழியைத் தீர்மானிக்கும், காற்றின் வழி கேபினெட்டைத் தீர்மானிக்கும். உள்ளேயிருந்து வெளியே வருவதுதான் இந்த வேலையின் முறை.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். கணினி சூடாகாமல் இருக்க வாட்டர் கூலிங் கட்டாயம் இல்லை. நல்ல ஏர் கூலர் ஒன்றே பெரும்பாலான பிராசசர்களைச் சமாளித்துவிடும், விலையும் குறைவு. இதை ஒரு மாணவர் புராஜெக்டாக எடுப்பதற்கு நான் முழு மனதோடு ஆதரவு தருவது வேறு காரணத்துக்காக. வெப்பப் பரிமாற்றம், திரவ ஓட்டம், ஷீட் மெட்டல் வேலை, அளவீடு என்று தனித்தனிப் பாடமாகப் படித்தவை எல்லாம் ஒரே பெட்டிக்குள் வந்து சேர்கின்றன. ஒன்றில் செய்த தவறு இன்னொன்றில் உடனே தெரிந்துவிடும். அப்படிப்பட்ட புராஜெக்ட் அதிகம் கிடைப்பதில்லை.

தண்ணீர் உண்மையில் என்ன செய்கிறது?

கணினி எடுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. எவ்வளவு வெப்பம் என்பது மட்டுமல்ல, எவ்வளவு சிறிய இடத்திலிருந்து வருகிறது என்பதும் சிக்கல். ரைசன் 7 5800எக்ஸ் பிராசசரை எடுத்துக்கொள்வோம். நிறுவனம் அதற்குக் குறிப்பிடும் அளவு 105 வாட். முழு வேலை கொடுத்தால் 142 வாட் வரை எடுத்துக்கொள்ளும். அதில் பெரும்பகுதி, கணக்கிடும் எட்டு கோர்களும் அடங்கிய சுமார் 81 சதுர மி.மீ. சிலிக்கான் துண்டிலிருந்து வருகிறது. அதாவது ஒரு சதுர செ.மீ.கூட நிறையாத பரப்பு. 110 வாட் அங்கிருந்து வருவதாக வைத்தாலே சதுர செ.மீ.க்கு 130 வாட்டுக்கு மேல் ஆகிறது. வீட்டில் துணி தேய்க்கும் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் அடிப்பரப்பு சுமார் 200 சதுர செ.மீ. இருக்கும், கணக்குப் போட்டால் சதுர செ.மீ.க்கு 5 வாட்தான். பிராசசரின் நிலைமை அதைவிட 25 மடங்குக்கும் மேல் மோசம்.

இந்த வெப்பத்தை அந்தச் சிறிய இடத்திலிருந்து எடுத்து, பெரிய பரப்பில் விரித்து, அறைக் காற்றில் விடவேண்டும். ஏர் கூலரில் அதைச் செப்புக் குழாய்களும் அலுமினியத் தகடுகளும் செய்கின்றன. வாட்டர் கூலிங்கில் அந்த இடமாற்றத்தைத் தண்ணீர் செய்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 4180 ஜூல் வேண்டும். ஒரு லிட்டர் காற்றுக்கு 1.2 ஜூல் போதும். கன அளவுக்குக் கன அளவு பார்த்தால் தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 3500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும். அதனால்தான் விரல் தடிமன் பைப்பில் ஓடும் தண்ணீரால் முழு வெப்பத்தையும் கேபினெட்டின் இன்னொரு மூலைக்கு எடுத்துப்போக முடிகிறது.

ஆனால் சுமந்துகொண்டு போவதோடு தண்ணீரின் வேலை முடிந்தது. வெப்பத்தை அது இல்லாமல் ஆக்குவதில்லை, சேமித்து வைப்பதும் இல்லை. “பெரிய தொட்டி வைத்தால் நன்றாகக் குளிரும்” என்று ஒரு நம்பிக்கை மாணவர்களிடையே இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை லிட்டர் தண்ணீர் இருக்கிறது, ரேடியேட்டர் இல்லை, 142 வாட் உள்ளே வருகிறது. 15 நொடிக்கு ஒரு டிகிரி ஏறும். ஐந்து நிமிடத்தில் 20 டிகிரி. ஒரு லிட்டராக ஆக்கினால் அதே 20 டிகிரி பத்து நிமிடத்தில் வரும், அவ்வளவுதான். தொட்டி நேரத்தைத் தள்ளிப்போடும். கடைசியில் தண்ணீர் எந்த வெப்பநிலையில் நிற்கும் என்பதை ரேடியேட்டரும் ஃபேனும் மட்டுமே தீர்மானிக்கும்.

அடுத்த வரம்பு அறை வெப்பநிலை. ரேடியேட்டர் வெப்பத்தை அறைக் காற்றில் விடுவதால், தண்ணீர் எப்போதும் அறையைவிடச் சற்றுச் சூடாகத்தான் இருக்கும். மே மாதத்தில் ஏசி இல்லாத ஆய்வகம் 36 டிகிரி என்றால் தண்ணீர் அதற்கு மேல்தான். சரி, ஐஸ் போட்டால் என்ன என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். வேண்டாம். 30 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள சென்னைக் காற்றின் பனிநிலை சுமார் 25 டிகிரி. பைப்பும் பிராசசர் மேல் உட்காரும் பிளாக்கும் அதற்குக் கீழே போனால் காற்றிலுள்ள ஈரம் அவற்றின் மேல் படிந்து மதர்போர்டில் சொட்டும். லீக் இல்லாமலேயே கணினி நனைந்துவிடும்.

தண்ணீர் சில்லென்று இருக்கவேண்டும் என்பதும் அவசியமில்லை. ஜெர்மனியில் மியூனிக் அருகே கார்ச்சிங்கில் 2012-இல் இயங்கத் தொடங்கிய சூப்பர்மக் சூப்பர்கம்ப்யூட்டரைக் குளிர்வித்தது 40 டிகிரி அளவிலான வெதுவெதுப்பான தண்ணீர். சிப் 70, 80 டிகிரியில் வேலை செய்யும்போது 40 டிகிரித் தண்ணீரும் அதற்குக் குளிர்ச்சிதான். இந்த நுட்பத்துக்கு வயதும் அதிகம். 1980-இல் ஐபிஎம் அறிவித்த 3081 பெருங்கணினியில் சிப்கள் வரிசையாகப் பொருத்திய தொகுதிகளைத் தண்ணீர்தான் குளிர்வித்தது. 1985-இல் வந்த க்ரே-2 இன்னும் ஒரு படி மேலே போய், மின்சாரம் கடத்தாத ஃப்ளோரினெர்ட் திரவத்துக்குள் சர்க்யூட்டையே மூழ்கடித்தது. வீட்டு மேசைக்கு வந்த கணினிகளில், ஆப்பிள் 2004-இல் விற்ற 2.5 கிகாஹெர்ட்ஸ் பவர் மேக் ஜி5 திரவக் குளிரூட்டலோடு கடைக்கே வந்தது.

சுற்றில் என்னென்ன இருக்கும்

பிராசசர் மேல் உட்காரும் வாட்டர் பிளாக், தண்ணீரைத் தள்ளும் பம்ப், தண்ணீர் நிற்கும் தொட்டி, ரேடியேட்டர், அதன் ஃபேன்கள், இவற்றை இணைக்கும் பைப், ஃபிட்டிங். இவ்வளவுதான். கடையில் எல்லாம் சேர்த்து மூடப்பட்ட செட்டாகக் கிடைப்பதை ஏ.ஐ.ஓ. என்பார்கள். நாம் பேசுவது ஒவ்வொன்றையும் தனித்தனியாக வாங்கிச் சேர்க்கும் முறை.

பிளாக்கின் அடியில் இருப்பது செப்புத் தகடு. அதைப் பிரித்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் கட்டாயம் பாருங்கள்: தகட்டின் நடுவில், முடியைப் போல மெல்லிய தகடுகள் வரிசையாகச் சீவப்பட்டிருக்கும். தண்ணீர் அவற்றின் இடுக்குகளில் புகுந்துதான் வெளியே வரவேண்டும். தண்ணீர் செப்பைத் தொடும் பரப்பு அதனால் பல மடங்கு கூடுகிறது. அதே காரணத்தால், சுற்றில் ஒரு சிறு தூசியோ பாசியோ இருந்தாலும் முதலில் அடைத்துக்கொள்ளும் இடமும் அதுதான்.

பம்ப்பைப் பொறுத்தவரை டி5 வகை பரவலாகக் கிடைக்கிறது. 12 வோல்ட்டில் ஓடும், சத்தம் குறைவு. ஓடும் தண்ணீர்தான் அதன் பேரிங்குக்கு எண்ணெய் மாதிரி. வெற்றாக ஓடவிட்டால் சீக்கிரம் கெட்டுவிடும். ஆகவே தொட்டியிலிருந்து தண்ணீர் தானாகவே இறங்கி பம்ப்புக்கு வரும்படி, தொட்டி பம்ப்புக்கு மேலே அல்லது பம்ப்போடு சேர்ந்தே இருக்கவேண்டும். சுற்றின் வரிசையில் கண்டிப்பான விதி இது ஒன்றுதான். மற்றபடி பிளாக் முதலிலா ரேடியேட்டர் முதலிலா என்று விவாதிக்க வேண்டியதில்லை. நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடும் சுற்றில் 170 வாட் சேர்ந்தால் தண்ணீர் ஏறுவது 0.6 டிகிரி. சுற்று முழுவதும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலைதான். பைப் எந்த வழியில் சுருக்கமாகவும் நேராகவும் போகுமோ அந்த வரிசையே சரியான வரிசை.

இனி உலோகம். இதில் அவசரப்படக் கூடாது. செப்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் இருந்தால் அது ஒரு பேட்டரி போலவே நடந்துகொள்ளும். அலுமினியம் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக் கரையும், கரைந்தது பிளாக்கின் மெல்லிய இடுக்குகளில் போய்ப் படியும். விலை குறைவாக இருக்கிறதே என்று அலுமினிய ரேடியேட்டரை வாங்கி, செப்பு பிளாக்கோடு இணைப்பது புதியவர்கள் அடிக்கடி செய்வது. பழைய காரின் ஹீட்டரிலுள்ள சிறு ரேடியேட்டரை இதற்குப் பயன்படுத்தலாம் என்ற யோசனை வந்தாலும் அது எந்த உலோகம் என்று முதலில் பாருங்கள். ரேடியேட்டர் செப்பு அல்லது பித்தளை, ஃபிட்டிங் பித்தளை, பிளாக் செப்பு அல்லது நிக்கல் பூசிய செப்பு. தண்ணீரில் தொடும் எதுவும் அலுமினியமாக இருக்கவேண்டாம். கேபினெட் அலுமினியமாக இருப்பதில் எந்தப் பிரச்சினையும் இல்லை, அது தண்ணீரைத் தொடுவதில்லை.

தண்ணீர் என்றால் குழாய்த் தண்ணீர் இல்லை. உப்பு படியும். டிஸ்டில்டு வாட்டரோடு பாசி பிடிக்காமல் தடுக்கும் மருந்தும் அரிப்பைத் தடுக்கும் மருந்தும் சேர்க்கவேண்டும். அல்லது இதற்கென்றே விற்கும் கூலன்ட்டை வாங்கிக்கொள்ளலாம். டிஸ்டில்டு வாட்டர் மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் லீக் ஆனாலும் பயமில்லை என்று சொல்வதை நம்பாதீர்கள். புதிதாக இருக்கும்போது கடத்தல் மிகக் குறைவு என்பது சரி. உலோகத்தைத் தொட்டுச் சுற்றத் தொடங்கியதுமே அயனிகள் சேர ஆரம்பித்துவிடும். கலர் கலராக, பால் போல அடர்த்தியாக இருக்கும் கூலன்ட்டுகள் படம் எடுக்க நன்றாக இருக்கும், ஆனால் அவற்றிலுள்ள துகள்கள் நாளடைவில் படியும். முதல் புராஜெக்டுக்கு நிறமில்லாத திரவமே போதும்.

வாட் கணக்கு

பிராசசரை மட்டும் தண்ணீரால் குளிர்விப்போம், கிராபிக்ஸ் கார்டு அதன் சொந்த ஃபேனோடு இருக்கட்டும் என்பது என் பரிந்துரை. கார்டுக்கான பிளாக் ஒவ்வொரு மாடலுக்கும் வேறு. கார்டு மாறினால் பிளாக் வீண். பட்ஜெட்டும் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். பின்னால் சேர்க்க இடம் மட்டும் விட்டுவைக்கலாம்.

142 வாட் பிராசசர், பம்ப்பின் மோட்டாரிலிருந்து தண்ணீருக்குள் வரும் வெப்பம் சுமார் 20 வாட். சற்று மேலாக 170 என்று வைத்துக்கொள்வோம். ரேடியேட்டர்களை அவற்றில் பொருந்தும் ஃபேனை வைத்துச் சொல்வார்கள்: 120 மி.மீ. ஃபேன் இரண்டு என்றால் 240, மூன்று என்றால் 360. மிதமான வேகத்தில் ஓடும் ஒரு 120 ஃபேன் அளவு ரேடியேட்டர், தண்ணீர் அறையைவிட 10 டிகிரி சூடாக இருக்கும்போது, ஏறக்குறைய 100 வாட்டை வெளியேற்றும் என்பது பழக்கத்தில் உள்ள தோராயக் கணக்கு. ரேடியேட்டரின் தடிமனையும் ஃபேன் வேகத்தையும் பொறுத்து இது நிறையவே மாறும் என்றாலும் தொடங்குவதற்குப் போதும். ஆக நமக்கு ஒரு 240 ரேடியேட்டர்.

இப்போது வெப்பநிலையைப் படிப்படியாகக் கூட்டிப் பார்க்கலாம். அறை 34 டிகிரி. தண்ணீர் அதற்கு மேல் 10, அதாவது 44. தண்ணீரிலிருந்து சிப் வரை பிளாக்கின் செப்பு, பிளாக்குக்கும் பிராசசருக்கும் இடையில் தடவும் தெர்மல் பேஸ்ட், பிராசசரின் மூடி, அதன் அடியிலுள்ள இணைப்பு, சிலிக்கான் என்று ஒவ்வொரு அடுக்கும் தன் பங்கைக் கூட்டும். இந்தப் பிராசசரில் அது 40 டிகிரியைத் தாண்டக்கூடும். ஆக சிப் 84-க்கு மேல். இதன் உச்ச வரம்பு 90. வாட்டர் கூலிங் போட்டும் இவ்வளவா என்று பலர் அதிர்ச்சியடைவது இங்கேதான். ஆனால் இந்தக் கூட்டலில்தான் விஷயம் இருக்கிறது. ரேடியேட்டரை இரட்டிப்பாக்கினால் குறைவது அந்த 10 டிகிரியிலிருந்து ஒரு பகுதிதான். 40 டிகிரி அப்படியே இருக்கும். அதைக் குறைக்கவேண்டுமானால் பிளாக்கைச் சரியான அழுத்தத்தில் பொருத்துவது, பேஸ்ட்டைச் சீராகப் பரப்புவது, அல்லது மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில், மின்சாரத்தைக் குறைக்கும் எக்கோ மோடு வைத்து 142 வாட்டை 88 வாட்டாக்குவது என்ற வழிகள்தான் உண்டு. எங்கே தடை அதிகமோ அங்கே கைவைப்பது என்ற பாடத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. ரிப்போர்ட்டில் இந்தப் படிக்கட்டை ஒரு படமாகவே வரைந்து வையுங்கள்.

காற்றுக்கும் கணக்கு உண்டு. 170 வாட்டைச் சுமக்கும் காற்று 8 டிகிரி மட்டுமே சூடாகவேண்டும் என்றால், வாட்டைக் காற்றின் அடர்த்தி, தன்வெப்ப ஏற்புத்திறன், அந்த 8 டிகிரி ஆகியவற்றின் பெருக்கத்தால் வகுக்கவேண்டும். நொடிக்கு சுமார் 18 லிட்டர் வரும். ஃபேன் அட்டையில் நிமிடத்துக்கு எத்தனை கன அடி என்று போட்டிருப்பார்கள். அந்தக் கணக்கில் 37. இரண்டு ஃபேன் சேர்ந்தால் எளிதாக வந்துவிடுமே என்று தோன்றும். அட்டையில் உள்ளது முன்னால் எந்தத் தடையும் இல்லாதபோது கிடைக்கும் அளவு. ரேடியேட்டரின் நெருக்கமான தகடுகளும் தூசி வடிகட்டியும் கேபினெட்டின் வலையும் குறுக்கே வந்தால் பாதி கிடைத்தாலே நல்லது. ஆகவே ரேடியேட்டருக்கு ஃபேன் வாங்கும்போது காற்றளவை மட்டும் பார்க்காமல், தடையைத் தாண்டிக் காற்றைத் தள்ளும் அழுத்தம், அதாவது ஸ்டாட்டிக் பிரஷர், அதிகமுள்ளதாகப் பாருங்கள்.

இப்போது கேபினெட்

ரேடியேட்டரை எங்கே வைப்பது என்பதிலிருந்து வரையத் தொடங்கலாம். முன்பக்கம் வைத்து காற்றை உள்ளே இழுத்தால் ரேடியேட்டருக்கு அறையின் குளிர்ந்த காற்று கிடைக்கும், ஆனால் சூடான காற்று கேபினெட்டுக்குள் வரும். மேற்பக்கம் வைத்து வெளியே தள்ளினால் நேர்மாறு; கிராபிக்ஸ் கார்டு சூடாக்கிய காற்று ரேடியேட்டர் வழியே போகும். நாம் குளிர்விப்பது பிராசசரை மட்டும் என்பதால் முன்பக்கமே எனக்குப் பிடித்த இடம். பின்னாலும் மேலும் ஒவ்வொரு ஃபேன் வைத்து சூட்டை வெளியே தள்ளிவிடலாம். மேல் ஃபேனை பிராசசர் சாக்கெட்டுக்கு நேர் மேலே வையுங்கள். காரணம் இருக்கிறது: ஏர் கூலர் இருந்தவரை அதன் ஃபேன் காற்று சாக்கெட்டைச் சுற்றியுள்ள மின்சுற்றுப் பாகங்களையும் சேர்த்துக் குளிர்வித்துக்கொண்டிருந்தது. வாட்டர் பிளாக் வந்ததும் அந்தக் காற்று நின்றுவிடுகிறது. பிராசசர் குளிர்ந்திருக்கும், பக்கத்திலிருக்கும் பாகங்கள் வெந்துகொண்டிருக்கும். வடிவமைப்பில் இதை நினைவில் வைத்தவர்கள் குறைவு.

அளவுகளுக்கு வருவோம். மைக்ரோ ஏ.டி.எக்ஸ். மதர்போர்டு 244 × 244 மி.மீ. முழு ஏ.டி.எக்ஸ். என்றால் 305 × 244. கணினிக்கு மின்சாரம் தரும் வழக்கமான எஸ்.எம்.பி.எஸ். பெட்டி 150 மி.மீ. அகலம், 86 மி.மீ. உயரம், 140 மி.மீ. அல்லது அதற்கு மேல் நீளம். கேபிள்கள் வளைந்து வர இன்னும் 60, 70 மி.மீ. விடுங்கள். 240 ரேடியேட்டர் என்றால் நீளம் 240 இல்லை. இரு முனைகளிலும் உள்ள சிறு தண்ணீர் அறைகளைச் சேர்த்தால் 275 மி.மீ.யை எட்டும், வாங்கப்போகும் மாடலின் வரைபடத்தைப் பார்த்தே உறுதி செய்யவேண்டும். ரேடியேட்டர் 30, ஃபேன் 25, வலையும் வடிகட்டியும் 5 என்று முன்பக்கத்தில் 60 மி.மீ. ஆழம் போய்விடும். 120 மி.மீ. ஃபேனின் திருகு ஓட்டைகளுக்கு இடையே 105 மி.மீ.; 140 மி.மீ. ஃபேனுக்கு 124.5. பக்கவாட்டில், சாதாரண உயரமுள்ள கிராபிக்ஸ் கார்டே 107 மி.மீ. இருக்கும், பல கார்டுகள் அதைவிட உயரம், அதன் மேல் பவர் கேபிள் வளைய 30 மி.மீ. வேண்டும். மதர்போர்டுக்குப் பின்னால் கேபிள் ஓட 20 மி.மீ.

ஃபிட்டிங்குகளின் மரை பெரும்பாலும் ஜி 1/4 அளவு. பைப்புக்கு, முதல் முயற்சியில் வளையும் வகையையே எடுங்கள். உள்விட்டம் 10, வெளிவிட்டம் 16 மி.மீ. உள்ள பைப்பின் சுவர் தடிமனாக இருப்பதால் வளைவில் மடிந்து நசுங்காது. 10/13 மெல்லியது, இறுக்கமான வளைவில் மடிந்துவிடும். கண்ணாடி போன்ற கெட்டிப் பைப்பைச் சூடாக்கி வளைப்பது தனிக் கைவேலை, அதை அடுத்த கணினிக்கு வைத்துக்கொள்ளலாம்.

கேட் (கணினியில் வரையும்) மென்பொருளில் வரைந்து முடித்ததும் நேராக லேசர் கட்டிங்குக்கு ஓடவேண்டாம். அட்டைப்பெட்டியை வெட்டி, முழு அளவில் ஒரு மாதிரி செய்யுங்கள். ரேடியேட்டரையும் ஃபேனையும் மதர்போர்டையும் அதில் வைத்து, ஃபிட்டிங்கைக் கையால் திருகிப் பாருங்கள். திரையில் 15 மி.மீ. இடைவெளி போதுமானதாகத் தெரியும். அதற்குள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போய் ஒரு வளையத்தைத் திருகவேண்டும் என்பது அட்டை மாதிரியில்தான் உறைக்கும்.

ஷீட்டுக்கு 1 மி.மீ. சி.ஆர். (குளிர்நிலையில் உருட்டிய) ஸ்டீல் அல்லது 1.5 முதல் 2 மி.மீ. அலுமினியம் எடுக்கலாம். வளைவுக் கோட்டை ஒட்டி ஓட்டை வைத்தால் வளைக்கும்போது ஓட்டை நீள்வட்டமாகிவிடும். தடிமனைப்போல மூன்று மடங்காவது தள்ளி வையுங்கள். வளைவில் ஷீட் எவ்வளவு நீளும் என்பது பட்டறைக்குப் பட்டறை மாறும் என்பதால், விரிவு வரைபடம் போடுமுன் வளைக்கப்போகிறவரிடமே கேட்டுவிடுவது நல்லது. பின்பக்கத்தில் கேபிள் சொருகும் இடத்துக்கான 158.75 × 44.45 மி.மீ. திறப்பும், 20.32 மி.மீ. இடைவெளியில் வரும் கார்டு ஸ்லாட்டுகளும் அரை மி.மீ. பிசகினாலும் தொல்லை. சென்னை ரிச்சி தெரு மாதிரியான இடங்களிலோ ஊரிலுள்ள பழைய இரும்புக் கடையிலோ ஒரு பழைய கேபினெட்டை வாங்கி, அதன் பின்பக்கத்தையும் மதர்போர்டுத் தட்டையும் வெட்டியெடுத்து நம் கேபினெட்டில் ரிவெட் அடித்துவிடலாம். இதைக் குறுக்கு வழி என்று கூச்சப்படத் தேவையில்லை. கேபினெட் செய்யும் அனுபவசாலிகளும் இப்படித்தான் செய்கிறார்கள்.

பவுடர் கோட்டிங் மின்சாரத்தைக் கடத்தாது. எஸ்.எம்.பி.எஸ். திருகும் இடத்திலும் மதர்போர்டைத் தூக்கி நிறுத்தும் ஸ்டாண்ட்-ஆஃப் திருகுகள் உட்காரும் இடத்திலும் பெயிண்ட் படாமல் மறைத்து வைத்தால்தான் கேபினெட்டுக்கு எர்த் கிடைக்கும். 3டி பிரிண்டரில் தாங்கிகள் செய்வதானால் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் வேண்டாம், 60 டிகிரி பக்கத்திலேயே இளகிவிடும். பெட்ஜி அல்லது ஏ.பி.எஸ். எடுங்கள். தண்ணீர் ஓடும் எந்தப் பாகத்தையும் அதில் பிரிண்ட் செய்யாதீர்கள். அடுக்குகளின் இடுக்கில் கசியும்.

கடைசியாகத் தண்ணீருக்கான இரண்டு வழிகள். சுற்றின் மிகத் தாழ்வான புள்ளியில் வடிகால் வால்வு, மிக உயரமான புள்ளியில் நிரப்பும் வாய். வால்வுக்கு அடியில் ஒரு கிண்ணம் வைக்க இடமும் வேண்டும். நிரப்பும்போது ரேடியேட்டரில் சிக்கிய காற்றை வெளியேற்ற முழுக் கேபினெட்டையும் முன்னும் பின்னும் சாய்க்க வேண்டியிருக்கும். பிடித்துச் சாய்க்க உறுதியான விளிம்போ கைப்பிடியோ இல்லையென்றால் கண்ணாடியைப் பிடித்துத் தூக்கவேண்டி வரும்.

பூட்டுவதும் லீக் பார்ப்பதும்

புது ரேடியேட்டருக்குள் சால்டர் செய்தபோது தங்கிய கழிவு இருக்கும். வெந்நீர் ஊற்றி, இரு வாய்களையும் மூடிக் குலுக்கி, வெள்ளைக் கிண்ணத்தில் கொட்டிப் பாருங்கள். துகள் எதுவும் தெரியாத வரை திரும்பத் திரும்பச் செய்து, கடைசியில் டிஸ்டில்டு வாட்டரால் அலசவேண்டும்.

ஃபிட்டிங்கைத் திருகும்போது ஸ்பேனரை எடுக்காதீர்கள். தண்ணீரை அடைப்பது மரை அல்ல, ஃபிட்டிங்கின் கழுத்திலுள்ள கறுப்பு ஓ-ரிங். அது பள்ளத்தில் முறுக்கில்லாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, கையால் திருகினால் ஓரிடத்தில் ரப்பர் அழுந்துவது விரலுக்குத் தெரியும். அதிலிருந்து கால் சுற்று. அதற்கு மேல் போனால் ஓ-ரிங் பிதுங்கும், பிளாக்கின் அக்ரிலிக் மூடி விரிசல் விடும். டெஃப்ளான் டேப்பும் இங்கே தேவையில்லை.

தண்ணீர் ஊற்றுமுன் காற்றழுத்தம் கொடுத்துப் பார்க்கலாம். இதற்கென்று கேஜ் வைத்த சிறிய கைப்பம்ப் கிடைக்கிறது. அரை பார் அழுத்தம் ஏற்றி, கால் மணி நேரம் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு நிரப்பும்போது மதர்போர்டுக்கும் கார்டுக்கும் மின் இணைப்பு எதுவும் இருக்கக் கூடாது. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் 24 முனை பிளக்கில் பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் இணைக்கும் ஜம்பர் பிளக் கடையில் கிடைக்கும். அதைச் சொருகினால் மதர்போர்டு இல்லாமலே எஸ்.எம்.பி.எஸ். ஓடும், பம்ப்பை மட்டும் இயக்கலாம். தொட்டி நிரப்பு, சில நொடி ஓட்டு, தண்ணீர் இறங்கியதும் நிறுத்து, மறுபடி நிரப்பு. தொட்டி ஒருபோதும் காலியாகக் கூடாது. ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் ஒரு டிஷ்யூ பேப்பரை மடித்து வைத்துவிட்டு, முடிந்தால் ஒரு நாள் முழுக்க பம்ப்பை ஓடவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவும் பேப்பரில் வட்டமாகத் தெரியும்.

அளந்து காட்டுவது

வைவாவில் கேட்கப்போவது விளக்கு எரிகிறதா என்று அல்ல, எவ்வளவு வெப்பம் போகிறது என்றுதான். சுற்று நிலைபெற அரை மணி நேரமாவது ஆகும். ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு எடுத்த அளவில் தொட்டியின் தயவுதான் தெரியும். பிரைம்95 போன்ற மென்பொருளால் முழு வேலை கொடுத்து, தண்ணீர் வெப்பநிலை ஏறாமல் நின்றபிறகு குறித்துக்கொள்ளுங்கள். அறை வெப்பநிலையையும் கூடவே எழுதுங்கள். காலையில் 29, மதியம் 36 என்று அறை மாறும்போது சிப் வெப்பநிலையை மட்டும் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. அறையைவிட எவ்வளவு அதிகம் என்பதைத்தான் ஒப்பிடவேண்டும். அதே பிராசசரில் ஒரு ஏர் கூலரை வைத்து அதே அளவுகளை எடுத்தால் ரிப்போர்ட்டுக்கு நல்ல எடை கூடும்.

தண்ணீர் சுமக்கும் வாட்டை நேரடியாக அளக்க ஆசை வரும். சென்சார்களைப் படிக்கும் சிறு போர்டான அர்டுயினோ, இரண்டு டி.எஸ்.18பி20 வெப்பநிலை சென்சார், ஒரு ஒய்.எஃப்-எஸ்201 ஃப்ளோ சென்சார் இருந்தால் செய்யலாம். ஃப்ளோ சென்சார் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓட்டத்துக்கு நொடிக்கு 7.5 துடிப்பு கொடுக்கும். 4 லிட்டருக்கு 30. அதன் மரை ஜி 1/2 என்பதால் அடாப்டர் தேவைப்படும். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. அந்த வெப்பநிலை சென்சாரின் துல்லியம் கூட்டியோ குறைத்தோ அரை டிகிரி. நாம் அளக்கப்போகும் வித்தியாசமே 0.6 டிகிரி. அப்படியே பயன்படுத்தினால் 170 வாட் என்பது 20 வாட்டாகவும் காட்டும், 400 வாட்டாகவும் காட்டும். இரண்டு சென்சாரையும் ஒரே பாத்திரத் தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து, அவற்றுக்குள் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடித்துக் கழிப்பது ஒரு வழி. பம்ப் வேகத்தைக் குறைத்து ஓட்டத்தை நிமிடத்துக்கு ஒரு லிட்டராக்கினால் வித்தியாசம் 2.4 டிகிரியாகும் என்பது இன்னொரு வழி. இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். அப்படிக் கிடைத்த வாட்டை, மென்பொருள் காட்டும் பிராசசர் வாட்டோடு பக்கத்தில் வைத்து, பம்ப்பின் பங்கையும் கழித்துக் காட்டினால் அந்த ஒரு பக்கமே ரிப்போர்ட்டின் மிகச் சிறந்த பக்கமாக இருக்கும்.

புராஜெக்ட் முடிந்ததும் பெரும்பாலும் கணினி டிபார்ட்மென்ட் ஆய்வகத்தில் தங்கிவிடும். தினமும் ஓடுவதானால் ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, பிளாக்கைப் பிரித்துத் துலக்கவேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, எந்த வால்வை எந்தப் பக்கம் திறப்பது என்ற படத்தோடு கேபினெட்டின் பக்கத் தகட்டின் உள்புறம் ஒட்டிவிடுங்கள். ஓடாமல் அலமாரியில் நிற்கப்போகிறது என்றால் தண்ணீரை முழுவதும் வடித்து, உள்ளே காற்று ஊதி உலர்த்திவிட்டு, பம்ப்பின் மின் இணைப்பைக் கழற்றிவையுங்கள். அடுத்த ஆண்டு யாராவது ஸ்விட்சைப் போட்டாலும் பம்ப் வெற்றாக ஓடாது.